சில்லறை லீவு

இடது கன்னத்தில் இன்னும் ஒரு வழிப்பு பாக்கி இருந்தது. நுரை காய்ந்துகொண்டு வந்தது. சூப்ரண்டு பிரஷை வெந்நீரில் தோய்த்து, மகனுடைய தாடையோரம் மறுபடி ஒரு முறை தடவினார். தோலை இழுத்துப் பிடித்தால்தான் ரேசர் ஒழுங்காக ஓடும். உயிரோடு இருப்பவன் என்றால் கன்னத்தை உப்பிக் கொடுப்பான், வாயைக் கோணிக் கொடுப்பான். இவன் ஒன்றும் கொடுக்கவில்லை. கட்டைவிரலால் தோலை அவரே மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ரேசரைக் கீழே இழுத்தார்.

புற்றுநோய் ஊசியை நிறுத்திய பிறகு இரண்டு மாதத்தில் திரும்ப முளைத்த தாடி அது. நாற்பத்தொரு வயதுக்காரனுக்கு முளைத்ததாகத் தெரியவில்லை. பாதி நரை, அங்கங்கே திட்டு. அறை வாசலில் சாய்ந்து நின்ற மகள், சலூன்காரரைக் கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவாரே என்றாள். அதை அவள் சொல்வது இரண்டாவது தடவை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு மணிக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்குவார்கள். தன் வீட்டு ஆண்பிள்ளை பரதேசிக் கோலத்தில் கிடப்பதை அந்நியர் யாரும் பார்க்கக் கூடாது. சலூன்காரரும் அந்நியர்தான்.

உயிர் போனது விடிந்த பிறகு, ஐந்தே முக்காலுக்கு. மருமகள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, நேரத்தை அவளே சொன்னாள்.  அடுத்த அரை மணியில் நாத்தனாருக்குப் போன் செய்தாள், டாக்டரை வரவழைத்துச் சான்றிதழ் வாங்கினாள், குளிர்ப்பெட்டிக்குச் சொன்னாள், மூன்று மணிக்கு வண்டிக்குச் சொன்னாள். எரிக்கும் இடத்தில் நாலு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அவள் காரியம் பார்ப்பதைப் பார்த்து, தன் செக்‌ஷனில் இப்படி ஒரு ஆள் இருந்ததில்லையே என்று அந்த நேரத்திலும் சூப்ரண்டுக்குத் தோன்றியது.

அவர் மின்சார அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். அதில் கடைசிப் பதினான்கு வருஷம் லீவு செக்‌ஷனுக்கு சூப்ரண்டு. ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகியும் தெருவில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவரிடம் லீவு கேட்பதைவிட எமனிடம் தவணை கேட்கலாம் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அது அவர் காதுக்கும் வந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, உள்ளூரப் பெருமைதான் பட்டார். திங்கட்கிழமை ஒரு நாள், வெள்ளிக்கிழமை ஒரு நாள், மத்தியானத்துக்கு மேல் அரை நாள் என்று பிய்த்துப் பிய்த்து எடுக்கிறவர்களை அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. சில்லறை லீவுக்காரர்கள் என்பார். லீவு என்றால் சேர்த்துவைத்து ஒரே தடவையாக எடுக்க வேண்டும். போன இடத்தில் மனிதனாக இருந்துவிட்டு, திரும்பி வந்து மனிதனாக வேலை பார்க்க வேண்டும். தன் சர்வீஸில் அவர் அப்படி இரண்டே தடவை எடுத்தார், முப்பது முப்பது நாள்.

முகத்தைத் துடைத்து, தலையைப் படியச் சீவி, காலர் பட்டனைப் போட்டு முடித்தபோது மணி ஏழரை. குளிர்ப்பெட்டி வந்து முன்னறையின் நடுவில் உட்கார்ந்தது. மகனை அதில் கிடத்திவிட்டு நிமிர்ந்தவர், பாப்பா எங்கே என்று கேட்டார்.

 மகள் உள்ளறைக் கதவைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது.

பாப்பாவுக்குப் பத்து வயது. ஒரே பெண். அப்பா செத்துப்போனார் என்று அம்மா போய்ச் சொன்னபோது, சரி என்றாளாம். முகம் பார்க்க வா என்றபோது வரமாட்டேன் என்றாளாம். போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். அத்தைக்காரி போய்க் கெஞ்சினாள், மடியில் போட்டுக்கொள்ளப் பார்த்தாள், பிறகு நாலு வார்த்தை கடிந்தும் பார்த்தாள். கல்லில் நார் உரிக்கிற வேலையாக இருந்தது. அந்தப் பிடிவாதம் யாருடையது என்று அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அவள் அப்பாவிடம் பேசுவதை நிறுத்திப் பதினொரு நாள் ஆகியிருந்தது.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். மகன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் வேலைக்கு இரண்டு பேராகத்தான் போவார்கள். ஒருவன் மொட்டை மாடியில் மெஷின் அறையில் இருப்பான், இன்னொருவன் அடியில் குழிக்குள் இறங்கி நிற்பான். மகன் மேலே. கீழே நிற்பவனுக்குக் குழிக்காரன் என்றே பெயர். பதினாறு வருஷ ஜோடி. எட்டு மாதத்துக்கு முன்னால் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, முதலில் ஆறு என்றார். ஊசி போட்ட வாரம் படுக்கைதான், அதற்குப் பிறகு ஒரு பத்து நாள் ஓரளவு நன்றாக இருக்கும், அடுத்த ஊசிவரை அந்தப் பத்து நாள் உங்களுடையது என்றார். எத்தனை பத்து நாள் என்று மகன் கேட்டான். டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டார்.

மகன் அழவில்லை. வீட்டுக்கு வந்து பாப்பாவோடு உட்கார்ந்து திட்டம் போட்டான். இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு தீம் பார்க் இருந்தது. ஒரே நாளில் முழுவதும் பார்க்க இப்போது அவன் உடம்பில் தெம்பில்லை. அதனால் நல்ல பத்து நாளில் ஒரு நாள், ஒரு தடவைக்கு ஒரு மூலை, தண்ணீர் விளையாட்டு ஒரு நாள், ரயில் ஒரு நாள் என்று ஐந்து தடவை. பாப்பா பார்க்கின் வரைபடத்தை ஐந்து வண்ணத்தில் தீட்டினாள். கோபுரத்து உச்சியிலிருந்து ஆட்களைத் தொப்பென்று கீழே விடுகிற ராட்டினம் ஒன்று அதில் இருந்தது. அதைக் கடைசித் தடவைக்கு வைத்திருந்தார்கள். பார்க்க வந்த குழிக்காரன், அதுவும் லிஃப்ட்தான் பாப்பா, சுவர் இல்லாத லிஃப்ட், அதன் பிரேக் எங்கே இருக்கிறது என்று உன் அப்பா காட்டுவான் பார் என்றான். மகன் பார்க்குக்குப் போன் போட்டு விசாரித்தும் வைத்திருந்தான். நோயாளிகளுக்குத் தள்ளுநாற்காலி தருவார்களாம். காத்துக் கிடக்க வேண்டியதில்லை, தனி வரிசை உண்டாம்.

முதல் ஊசிக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவன் இதைச் சொன்னபோது, சூப்ரண்டு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். தனி வரிசை என்ற இடத்தில் துடைப்பதை நிறுத்தினார். அதற்கு முந்தின வாரம்தான் ஆஸ்பத்திரியில் மகனை உட்காரவைத்துக்கொண்டு காத்திருந்தபோது, அவர் செக்‌ஷனில் டைப்பிஸ்டாக இருந்த ஒருவன் எதிரே வந்தான். தங்கை கல்யாணத்துக்குக் கேட்ட நாலு நாள் லீவை அவர் இரண்டாக வெட்டிக் கொடுத்த ஆள். அவன் மகனின் மொட்டைத் தலையையும் கழுத்தெலும்பையும் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான். "ச்சொ... என்ன சார் இது" என்று உச்சுக் கொட்டினான். நல்ல மனதோடுதான் கொட்டினான். அந்தச் சத்தம் அவர் காதில் குளவி மாதிரி குடியேறிவிட்டது.

"இப்படிச் சில்லறை சில்லறையா வேண்டாம்" என்றார். ஆறு ஊசியும் முடியட்டும். உடம்பு தேறட்டும். மலை மேல் ஒரு வீடு எடுத்து எல்லாருமாக இருபது நாள் இருக்கலாம், ஒரே தடவையாக, மரியாதையாக.

மகன் சிரித்தான். "மெஷினுக்கு எப்ப மூச்சு நிக்கும்னு தெரியாதப்ப, ஓடற வரைக்கும் ஓட்டிக்கணும்பா" என்றான்.

"எம்மகன் அந்தத் தனி வரிசையில நிக்கமாட்டான்."

 பாப்பா அப்போது பள்ளித் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். மருமகள் தட்டுகளை அடுக்கினாள். மகன் தண்ணீர் டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சரிப்பா என்றான். அந்த வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

மறுநாள் அடுத்த அறையில் அவன் பாப்பாவிடம் சொல்வது அவருக்குக் கேட்டது. யோசித்துப் பார்த்தானாம், அவனுக்கே மலைதான் பிடித்திருக்கிறதாம், ராட்டினம் சுற்றினால் தலை சுற்றுமாம். நம் வீட்டில் சொன்னால் சொன்னதுதானே, கட்டாயம் கூட்டிப்போவேன் என்று கையடித்துக் கொடுத்தான். பாப்பா வண்ணம் தீட்டிய தாளைக் கிழித்தாள். அந்தச் சத்தமும் கேட்டது. சூப்ரண்டு செய்தித்தாளைப் புரட்டினார். பெரியவரை விட்டுக்கொடுக்காமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான், வளர்ப்பு வீண்போகவில்லை என்று அன்று நினைத்தார். அன்றைக்கு அவர் நினைத்தது அவ்வளவுதான்.

அந்தப் பத்து நாள் ஐந்து தடவை வந்தது, ஐந்து தடவையும் போயிற்று. மகன் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து எதிர்க் கட்டடத்து லிஃப்டில் ஆட்கள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மலை வீட்டுக்கு ஒரு தேதி குறித்து, ரத்தத்தில் ஏதோ குறைந்துவிட்டதென்று தள்ளிவைத்தார்கள். இன்னொரு தேதி குறித்தார்கள். அதற்குள் ஊசியை நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயணத்துக்குக் கட்டிவைத்த பெட்டி கட்டியபடியே அலமாரி மேல் இருந்தது. பதினொரு நாளைக்கு முன்னால், படுக்கை அடிக்கடி நனைய ஆரம்பித்து மாற்று விரிப்பு போதாமல்போனதால், மருமகள் அந்தப் பெட்டியை இறக்கிப் பிரித்தாள். பாப்பா பார்த்துக்கொண்டு நின்றாள். நேரே அப்பாவின் கட்டிலருகே போனாள்.

"நீங்க பொய் சொன்னீங்க" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். "ஆமா பாப்பா" என்றான்.

அதற்குப் பிறகு அவள் அந்த அறைக்குள் போகவில்லை.

பத்து மணிக்கெல்லாம் முன்னறை நிறைந்துவிட்டது. வாடகை நாற்காலிகள் தெருவரை போட்டிருந்தன. லிஃப்ட் கம்பெனி ஆட்கள் சீருடையோடு வந்து சுவரோரம் நின்றார்கள். குழிக்காரன் மட்டும் பெட்டியின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வந்தவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள், மருமகளைப் பார்த்தார்கள், பிறகு அவர்கள் கண் எதையோ தேடியது. எதிர் வீட்டு அம்மாள் பக்கத்து நாற்காலிக்காரியிடம் தாழ்ந்த குரலில் சொல்வது சூப்ரண்டுக்குத் தெளிவாகக் கேட்டது. பெற்ற பெண் வந்து முகம் பார்க்கவில்லையாம். போன வாரம் நம் வீட்டுக்கு வந்திருந்தபோதே அந்தப் பெண் சொல்லிற்று, எங்கப்பா பொய்யர் என்று. என்ன பொய்யோ, யார் கண்டார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஆனால் வீட்டைப் பற்றிய பேச்சு அவர் காதுவரை வந்ததில்லை, அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பேசப்பட்டதில்லை. பொய்யர். அவர் பரம்பரையில் அந்தச் சொல் யார்மேலும் விழுந்ததில்லை. விழுந்தது இப்போது எழுந்து மறுக்க முடியாதவன்மேல்.

அவர் உள்ளறைக் கதவுவரை போனார். விரலால் தட்டினார். வெளியே வா, உன் அப்பாவுக்கு மரியாதை செய், நம் வீட்டுப் பிள்ளைகள் இப்படி நடந்துகொள்வதில்லை என்றார்.  மூன்றாவது தடவை தட்டியபோது, "நம்ம வீட்டுல பொய்யும்தான் சொல்றதில்ல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சமையலறையில் மருமகள் பிளாஸ்கில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் போய் நின்றார்.

"நீ சொன்னாக் கேப்பாம்மா. ஒரு நிமிஷம் வந்து நின்னுட்டுப் போகட்டும்."

"விடுங்க மாமா."

"நாலு பேர் என்ன பேசறாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்." பிளாஸ்கின் மூடியைத் திருகினாள். அது சரியாக உட்காராமல் மறுபடி திருகினாள். "அவர் மலை ஏற ஆசைப்பட்டாருன்னு நானும் எட்டு மாசமா அவகிட்டப் பொய்தான் சொல்றேன். எங்கப்பாவை விட்டுக்குடுத்துடாதேன்னு எங்கிட்ட வாக்கு வாங்கிட்டாரு. நேத்து சாயங்காலம்கூட ஞாபகப்படுத்தினாரு."

அவள் இரண்டாவது பிளாஸ்கை நிமிர்த்தி வைத்தாள்.

"நான் வாக்குக் குடுத்திருக்கேன், மாமா. நீங்க குடுக்கல."

இரண்டு பிளாஸ்கையும் எடுத்துக்கொண்டு அவரைக் கடந்து முன்னறைக்குப் போய்விட்டாள்.

சூப்ரண்டு சமையலறையில் நின்றார். அடுப்பு மேடையில் மகனுடைய மருந்துகள் வேளைவாரியாகப் பிரித்த டப்பா இருந்தது. இன்றைய காலைக்கான அறை திறக்கப்படவில்லை. தன் வாழ்நாளில் எத்தனை பேரிடம் விளக்கம் கேட்டு மெமோ அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துப் பார்த்தார். அவரிடம் யாரும் கேட்டதில்லை. பாப்பாவிடம் சொல்லிவிட்டால், இனி அவர் அந்த வீட்டில் பேசுகிற எந்தப் பேச்சுக்கும் எடை இருக்காது. சொல்லாவிட்டால், மூன்று மணிக்கு வண்டி வரும், அந்தப் பெண் முகம் பார்க்காமலே இருந்துவிடுவாள், அறுபது வயதிலும் தன் அப்பன் பொய்யன் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். இரண்டும் மானம்தான். இரண்டையும் வைத்துக்கொள்ள வழி தெரியவில்லை.

ஒன்றரை மணிவரை அவர் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களுக்குத் தலையசைத்தார். பிறகு எழுந்து போய், தட்டாமல் உள்ளறைக் கதவைத் திறந்தார்.

பாப்பா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அழுத முகமாக இல்லை. முதுகை நிமிர்த்தி வைத்திருந்தாள்.

"நான் வரல, தாத்தா."

"கூப்பிட வரல. ஒண்ணு சொல்லணும்." அவர் நின்றுகொண்டே சொன்னார். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. "பார்க் வேண்டாம்னு சொன்னது உங்கப்பா இல்ல. நான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பாதான் மலை வேணும்னாரு."

"அவன் கேட்டது அஞ்சு தடவை. உன்கூடச் சேந்து போட்டானே, அதேதான். வெட்டினது நான். மலைன்னு சொன்னதும் நான்."

"அப்பறம் ஏன் அவருக்குத்தான் பிடிக்கலைன்னு சொன்னாரு?"

"என்னை விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு."

பாப்பா யோசித்தாள்.  பிறகு கேட்டாள்:

"நீங்க அன்னிக்குப் பக்கத்து ரூம்லதானே இருந்தீங்க?"

"ஆமா."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

முன்னறையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று அவள் கேட்டாள். உடம்புக்கு ஆகாதென்று, என ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அவனை அந்தக் கோலத்துல நாலு பேர் பாக்கறது எனக்குப் பிடிக்கல."

"பாத்தா என்ன?"

முப்பத்திரண்டு வருஷம் எந்தக் கேள்வி வந்தாலும் இத்தனாவது விதி என்று எடுத்துக் காட்டியவர். கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தார். 

"நான் அவரைப் பொய்யர்னு சொன்னேன்" என்றாள் பாப்பா. குரல் அப்போதுதான் முதல்முதலாகக் கொஞ்சம் உடைந்தது. "அவரு ஆமான்னாரு. நான் க்ளாஸ்ல சொன்னேன். எதிர் வீட்டுல சொன்னேன். அத்தைகிட்டப் போன்ல சொன்னேன். அதெல்லாம் இப்ப யாரு போய் மாத்துவா?"

அவளிடம் சொல்லிவிட்டால் முடிந்தது என்றுதான் அவர் வந்திருந்தார். இன்னும் ஒரு படி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வேட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"நான் மாத்தறேன்" என்றார்.

முன்னறைக்குப் போய்ப் பெட்டியின் தலைமாட்டில் நின்றார். அவர் நின்றால் பேச்சு நிற்கும். வண்டி நேரம் சொல்லப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். மூன்றாவது வரிசையில் டைப்பிஸ்ட் உட்கார்ந்திருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

"ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரியணும்" என்றார். ஆர்டர் வாசிக்கிற குரல்தான் வந்தது, வேறு குரல் அவரிடம் இல்லை. தன் மகன் பெண்ணிடம் பொய் சொன்னதாக ஒரு பேச்சு இருக்கிறது. அவன் அவளை ஐந்து தடவை வெளியே கூட்டிப்போக ஏற்பாடு செய்திருந்தான். நடமாட முடிந்த நாட்களில் போயிருக்கலாம்.  நோயாளிகள் வரிசையில் தன் மகன் நிற்பதைப் பார்க்க வெட்கப்பட்டுத் தானே அதைத் தடுத்ததாகச் சொன்னார். பழியை அவன் ஏற்றுக்கொண்டான். "எம்மகன் பொய்யன் இல்ல. அவனை அப்படிச் சொல்லவெச்சது நான்."

மகள் அவர் முழங்கையைத் தொட்டு, இதெல்லாம் இப்போது எதற்கப்பா என்றாள். எதிர் வீட்டு அம்மாள் தன் மடியைப் பார்த்துக்கொண்டாள். கம்பெனி ஆட்களில் ஒருவன் செருமினான். அந்த அமைதியில் மூன்றாவது வரிசையிலிருந்து டைப்பிஸ்ட் உச்சுக் கொட்டியது எல்லாருக்கும் கேட்டது. அவன் பெட்டியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சூப்ரண்டு அதை நின்று வாங்கிக்கொண்டார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

கூட்டம் வழிவிட்டது. பாப்பா வந்தாள். மூடியைத் திறங்கம்மா என்றாள். மருமகள் திறந்தாள். பாப்பா குனியவில்லை, தொடவும் இல்லை. கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, தாத்தா சொல்லிட்டாரு" என்றாள்.

குழிக்காரன் முகத்தைப் பொத்திக்கொண்டான். மருமகளின் தோள் ஒரு தடவை குலுங்கியது. காலையிலிருந்து காரியம் தவிர அவளிடம் அசைந்தது அது ஒன்றுதான்.

வண்டி பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது. கம்பெனி ஆட்கள் ஆறு பேர் ஸ்ட்ரெச்சரைப் பிடித்தார்கள். குழிக்காரன் வேலையிடத்தில் சொல்வதுபோலவே, தூக்கு, நிறுத்து, படி இருக்கு, மெல்ல, என்று சொல்லிக்கொண்டே வந்தான். மேலேயிருந்து பதில் சொல்கிறவன் ஸ்ட்ரெச்சரில் இருந்தான். டிரைவர் பின்கதவைச் சாத்தும் முன், கொக்கி ஒன்று பிடிக்கவில்லை, வளைவில் ஸ்ட்ரெச்சர் கொஞ்சம் நகரும், யாராவது பிடித்துக்கொள்ளுங்கள் என்றான். சூப்ரண்டு எங்கே போனாலும் முன்சீட்டில் உட்காருகிறவர். டிரைவர் அந்தக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். அவர் பின்னால் ஏறினார்.

மருமகளும் அவள் பக்கத்தில் நாத்தனாரும் இடப்பக்கப் பலகையில் உட்கார்ந்தார்கள். வலப்பக்கம் அவர். பாப்பாவுக்கு இடம் அவர் பக்கத்தில்தான் இருந்தது. அவள் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, பலகையின் மறு கோடியில், அவருக்கும் தனக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரலாம் என்கிற இடம்விட்டு உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது.  அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

மருந்துக் கடை தாண்டி முதல் வளைவில் ஸ்ட்ரெச்சர் அவர்கள் பக்கமாக நகர்ந்தது. பாப்பா கையை நீட்டி அதன் விளிம்பைப் பிடித்தாள். அவள் பலத்துக்கு அது நிற்கவில்லை. அவரும் பிடித்தார். நின்றது.

வளைவு முடிந்து வண்டி நேர்ச் சாலைக்கு வந்தது. இருபுறமும் கடைகள் திறந்திருந்தன. பஸ்ஸுக்கு நின்றவர்கள் வண்டிக்குள் பார்த்தார்கள். சூப்ரண்டு அவர்களைப் பார்த்தார். பிறகு குனிந்து விளிம்பைப் பார்த்தார். இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது. இருவரும் கையை எடுக்கவில்லை.